சாப்பாடு இறங்காமல் தொண்டை அடைக்கிறதா? பேரியம் எக்ஸ்ரேயா, எண்டோஸ்கோப்பியா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும்: "டியூப் விட்டுப் பாக்கணும்னு சொல்லுதாவண்ணே. மருந்து குடிச்சு எடுக்குற எக்ஸ்ரே போதாதா?"

பேரியம் எக்ஸ்ரேக்கு வெள்ளைக் கரைசல் ஒன்றை விழுங்க வேண்டும். உணவுக்குழாய் எங்கே, எவ்வளவு நீளத்துக்குச் சுருங்கியிருக்கிறது என்று படத்தில் தெரியும். வலி கிடையாது. ஆனால் ஆரம்பநிலைக் கட்டி கண்ணில் படாமல் போகலாம். சுருக்கம் புற்றுநோயாலா, பழைய அமிலப் புண்ணின் தழும்பாலா என்று உறுதியாகவும் சொல்ல முடியாது.

எண்டோஸ்கோப்பிக்கு வெறும் வயிற்றோடு போகவேண்டும். தொண்டை மரத்துப்போக ஸ்பிரே அடித்து, இடதுபக்கமாகப் படுக்கவைத்து, கேமரா உள்ள மெல்லிய குழாயை இறக்குவார்கள். குமட்டும், ஆனால் மூச்சு தடைபடாது. அந்தப் பயத்திலேயே பலர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் மனதைப் பிசைகிறது. சந்தேகமான இடத்தில் சின்னத் துணுக்கு கிள்ளி எடுப்பார்கள். புற்றுநோய்தானா, எந்த வகை என்பதை அதுதான் சொல்லும். செதிள் செல் வகைக்குப் புகையிலையும் மதுவும் பெரிய காரணங்கள். சுரப்பி செல் வகைக்கு நெடுநாள் நெஞ்செரிச்சலும் உடல்பருமனும். சிகிச்சையும் வகைக்கேற்ப மாறும்.

என்னைக் கேட்டால் எண்டோஸ்கோப்பிதான் முதலில். மரச்சீனிக் கிழங்கு இறங்காமல், அப்புறம் சோறும் இறங்காமல், கஞ்சிக்கு வந்துவிட்டவர் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. குழாய் நுழையாத அளவு சுருக்கம் இருந்தால் பேரியம் எக்ஸ்ரே கைகொடுக்கும்.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போவதானால் துணுக்கின் அறிக்கையோடு, அதை வைத்துச் சோதித்த கண்ணாடி ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.