அல்சூரில் நான்கு வாரம்: மேட்டா, மெஷினா?

டொரொன்டோவிலிருந்து இரண்டு விமானம் மாறி பெங்களூரு வந்து இறங்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிரவே முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பில் கோளாறில்லை, வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும்தான் பலவீனம், அவற்றைப் பலப்படுத்தும் பிலாட்டீஸ் பயிற்சி செய்யுங்கள் என்றார். அம்மா வீடு அல்சூரில். மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷனே இந்திரா நகர். அங்கே தெருவுக்குத் தெரு ஸ்டூடியோ இருக்கிறது.

முதலில் போன இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து ரிஃபார்மர் (ஸ்பிரிங் மாட்டிய, நகரும் பலகை உள்ள மெஷின்), பத்து பேர், சத்தமான பாட்டு. முதுகு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று மாதப் பேக்கேஜ் எடுங்கள் என்று மட்டும் விடாமல் சொன்னார்கள். நான்கு வார லீவில் வந்தவளுக்கு அது எதற்கு?

இரண்டாவது இடம் சின்னது. சொல்லிக்கொடுத்தவர் ஈரோட்டுப் பெண். தரையில் மேட் விரித்துச் செய்வது சுலபம், மெஷின் கஷ்டம் என்று நான் நினைத்திருந்ததை முதல் நாளே மாற்றினார். மேட்டில் படுத்து, கைகளை நீட்டி, மெதுவாக எழுந்து உட்காரச் சொன்னார். பாதி வழியில் நின்றுவிட்டேன். கால் இரண்டும் மேலே எழும்பின. பிறகு கட்டில் மாதிரி இருக்கும் காடிலாக்கில் படுக்கவைத்து, ஸ்பிரிங்கில் தொங்கும் மரக்கட்டையைப் பிடிக்கச் சொன்னார். "அக்கா, எலும்பு ஒவ்வொண்ணா இறக்குங்க" என்றபடி என் முதுகுக்குக் கீழே இரண்டு விரலை வைத்திருந்தார். எழும்போது ஸ்பிரிங்கே பாதி பாரத்தை வாங்கிக்கொண்டது. பல நாளுக்குப் பிறகு வலியில்லாமல் எழுந்து உட்கார்ந்தேன். கண் கலங்கிவிட்டது.

மேட்டில் உடம்பின் மொத்த எடையும் நம் தலையில். கருவியில் ஸ்பிரிங் தாங்கவும் செய்யும், எதிர்க்கவும் செய்யும். ரிஃபார்மரில் படுத்துக் காலால் தள்ளும்போது ஸ்பிரிங் கூடினால் பாரம் கூடும். ஆனால் கையூன்றி உடம்பை நேராகப் பிடிக்கும்போது ஸ்பிரிங்கைக் குறைத்தால்தான் கஷ்டம், பலகை வழுக்கிக்கொண்டு ஓடும். இதைப் பார்த்து மாற்றிவிட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டுவிடுங்கள்.

இந்தப் பயிற்சியை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் முதல் உலகப் போரில் பிரிட்டன் பக்கத்திலுள்ள மான் தீவு (Isle of Man) முகாமில் அடைபட்டிருந்தபோது, படுத்த படுக்கையாக இருந்தவர்களுக்குக் கட்டில் ஸ்பிரிங்கைக் கட்டிப் பயிற்சி கொடுத்தார் என்று சொல்வார்கள். காடிலாக்கில் படுத்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் அம்மாவையும் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு எலும்புத் தேய்மானம். ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துவிட்டு, "அம்மா, நீங்க முன்னால வளையுறது எதுவும் வேண்டாம்" என்றார் அந்தப் பெண். மேட்டில் பாதிப் பயிற்சி முன்னால் சுருள்வதுதான். முதுகெலும்பு பலமில்லாதவர்களுக்கு அது ஆபத்து. அம்மாவுக்கு ரிஃபார்மரில் காலால் தள்ளுவது, குப்புறப்படுத்து மார்பைத் தூக்குவது, இவ்வளவுதான்.

கருவி வகுப்புக்கு மேட்டைவிடக் கட்டணம் அதிகம். ஆனாலும் எனக்கு இதுதான் சரிப்பட்டது: முதல் மூன்று வாரம் கருவியில் தனி வகுப்பு, கடைசி வாரம் மேட். டொரொன்டோவில் வீட்டுக்குள் ரிஃபார்மர் வைக்க எனக்கு இடமில்லை. கிளம்பும் முன் அந்த ஈரோட்டுப் பெண் ஆறு மேட் பயிற்சிகளை எனக்கென்று நோட்டில் எழுதிக்கொடுத்தார், எதில் மூச்சை விட வேண்டும் என்பது உட்பட.

அம்மா விடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மெட்ரோ ஏறிப் போகிறார். வகுப்பில் போட்டுக்கொள்ளும் வழுக்காத காலுறை எப்போதும் கைப்பையிலேயே இருக்கிறது.