ஆறு வருஷம், ஒரு லேப்டாப், நான் கேட்காமலே வந்த பயாஸ் அப்டேட்கள்

2019 ஆகஸ்டில் இந்த லேப்டாப்பை வாங்கினேன். ஐ7-9750ஹெச் பிராசசர், ஆறு கோர், 16 ஜிபி ரேம். திருச்சியில் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு, அதனால் வாங்கிய நாளிலிருந்து இதற்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் "அந்தக் கம்பெனியே அப்படித்தான், நீ இதை வாங்கியிருக்கணும்" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும், நான் சொல்ல வந்தது அது இல்லை. திரை, கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாம் இன்றைக்கும் நன்றாகவே இருக்கின்றன. இந்த ஆறு வருஷத்தில் என்னைக் கடுப்பேற்றிய ஒரே விஷயம், என்னைக் கேட்காமல் தானாக ஏறிக்கொண்ட ஃபர்ம்வேர் அப்டேட்தான். ஃபர்ம்வேர் என்று நான் சொல்வது பயாஸைத்தான்: மதர்போர்டிலேயே பதிந்திருந்து, விண்டோஸுக்கு முன்பே எழுந்து மெஷினைக் கிளப்பும் நிரல்.

முதல் சம்பவம் 2020 பிப்ரவரி. மாசி முகூர்த்த சீசன். இரவு பதினொன்றரைக்கு நாலு வீடியோவை ரெண்டர் வரிசையில் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை, மணிக்கணக்கில் ஓடும்) போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால் லாகின் திரை நிற்கிறது. இரண்டாவது வீடியோ பாதியில் அறுந்துகிடந்தது, மற்ற இரண்டும் தொடங்கவே இல்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன், ஆனால் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. சரி, விண்டோஸ் வழக்கம்போல ரீஸ்டார்ட் ஆகியிருக்கும் என்று திட்டிக்கொண்டே மறுபடி ரெண்டர் போட்டேன்.

அன்றிலிருந்து ஃபேன் கத்த ஆரம்பித்தது. திருச்சி வெயிலுக்காக, வாங்கிய ஒரு மாதத்திலேயே த்ராட்டில்ஸ்டாப் என்ற நிரலைப் போட்டு அண்டர்வோல்ட் செய்து வைத்திருந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பிராசசருக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தாலும் அது பெரும்பாலும் அதே வேகத்தில் ஓடும், சூடு மட்டும் இறங்கும். என்னுடையதில் 80 மில்லிவோல்ட் குறைத்ததில் 96 டிகிரியில் நின்றது 84க்கு வந்திருந்தது. இப்போது மறுபடி 96. தூசி அடைத்திருக்கும் என்று அடிமூடியைக் கழற்றி ஃபேனைச் சுத்தம் செய்தேன். போகவில்லை. கடையில் கொடுத்து 600 ரூபாய்க்கு தெர்மல் பேஸ்ட் மாற்றினேன், அப்போதும் போகவில்லை. முன்பு 40 நிமிடத்தில் முடிகிற ஒரு ரெண்டர் 52 நிமிடம் இழுத்தது. மூன்றாவது நாள்தான் த்ராட்டில்ஸ்டாப் ஜன்னலை ஒழுங்காகப் பார்த்தேன், வோல்டேஜ் அமைப்பு பூட்டப்பட்டிருந்தது. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் பதிப்பு எண் மாறியிருக்கிறது, தேதியும் புதுசு. லேப்டாப்போடு வந்த கம்பெனியின் உதவி ஆப் ஒன்று, மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கிறதே என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆப், ராத்திரியோடு ராத்திரியாக பயாஸை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்திருக்கிறது.

ஏன் பூட்டினார்கள் என்பதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பர் 10 அன்று ப்ளண்டர்வோல்ட் என்ற தாக்குதல் முறையை பர்மிங்காம், கிராட்ஸ், லூவன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். மென்பொருள் வழியாகவே வோல்டேஜைக் குறைத்து, இன்டெல் பிராசசருக்குள் எஸ்ஜிஎக்ஸ் என்று ஒரு பத்திரமான அறை இருக்கிறதே, அதன் கணக்கைத் தப்பாகப் போட வைத்து ரகசியத்தை உருவலாம் என்று காட்டினார்கள். அதற்கு மருந்தாக வோல்டேஜ் மாற்றும் வழியையே பயாஸில் அடைத்துவிடச் சொன்னது இன்டெல், லேப்டாப் கம்பெனிகளும் அடைத்தன. ஆனால் அந்தத் தாக்குதலைச் செய்பவனுக்கு முதலில் என் கம்ப்யூட்டரில் முழு நிர்வாகி உரிமை வேண்டும். அது கையில் கிடைத்தவன் எஸ்ஜிஎக்ஸைத் தேடிக்கொண்டா இருப்பான், ஹார்ட் டிஸ்க்கையே வழித்துக்கொண்டு போவான். என்னைப் போன்றவர்களுக்கு எஸ்ஜிஎக்ஸால் இருந்த ஒரே பயன் 4கே ப்ளூ-ரே டிஸ்க் போட்டுப் பார்ப்பது, என் லேப்டாப்பில் டிஸ்க் போட வழியே கிடையாது. பதினோராம் தலைமுறையிலிருந்து சாதாரண பிராசசர்களில் இன்டெல்லே அதைக் கைவிட்டுவிட்டது. எனக்கு வேண்டாத ஒரு அறைக்குப் பூட்டுப் போட, எனக்கு வேண்டிய ஜன்னலை அடைத்துவிட்டார்கள். அந்த அப்டேட்டின் குறிப்பில் இதைப் பற்றி என்ன எழுதியிருந்தது தெரியுமா? "பாதுகாப்பு மேம்படுத்தப்பட்டுள்ளது." அவ்வளவுதான்.

சரி, பழைய பதிப்புக்கே போய்விடலாம் என்று முயன்றேன். "இப்போதுள்ளதைவிடப் பழைய பதிப்பை ஏற்ற முடியாது" என்று நின்றுவிட்டது. எனக்கு உண்மையில் கோபம் வந்தது இங்கேதான். விண்டோஸ் அப்டேட் சரியில்லை என்றால் பெரும்பாலும் கழற்றிவிடலாம், டிரைவரையும் பின்னுக்குத் தள்ளலாம். பயாஸ் அப்படி இல்லை. ஓட்டை இருக்கிற பழைய பதிப்பை யாரும் மறுபடி ஏற்றிவிடக் கூடாது என்பதற்காகப் பல மாடல்களில் திரும்பும் வழியையே மூடி வைத்திருக்கிறார்கள். திரும்ப முடியாத வழி என்றால் போகும்போதாவது ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சர்வீஸ் தம்பி இருக்கிறான். மதர்போர்டைத் திருப்பி எனக்குக் காட்டினான். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசு, எட்டுக் கால் உள்ள ஒரு கறுப்புச் சிப். "இதுக்குள்ளதாண்ணே பயாஸே இருக்கு, வெறும் 16 எம்பி. கிளிப் மாட்டிப் பழசை எழுதிடலாம், 1500 ஆகும், ஆனா போர்டு எழுந்திரிக்கலன்னா என்னைக் கேக்கக் கூடாது" என்றான். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடியில் ஃபேன் வைத்த ஸ்டாண்டு ஒன்று வாங்கினேன். அந்த வெயிலில் ஓட்டியது அப்படித்தான், அதற்குள் ஊரடங்கு வந்து கல்யாணமே நின்றுபோனது வேறு கதை.

இது எப்படி நடக்கிறது என்று அப்புறம் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். ஆப்போ விண்டோஸோ புதிய ஃபர்ம்வேரை கேப்சூல் என்ற ஒரு பொட்டலமாக மதர்போர்டிடம் கைமாற்றிவிடும், அடுத்த ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் எழுவதற்கு முன்பே பயாஸ் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, அதில் இருக்கும் கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து, அந்த எட்டுக் கால் சிப்பில் தன்னைத்தானே எழுதிக்கொள்ளும். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே இந்த வழி உண்டு. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் ஃபர்ம்வேர் என்று ஒரு தலைப்பு இருக்கும், அதாவது பயாஸும் பிரிண்டர் டிரைவர் போல இன்னொரு டிரைவராக வந்து இறங்குகிறது. பெரும்பாலான ஆட்கள் அந்தத் தலைப்பைப் பார்த்திருக்கவே மாட்டார்கள், நானும் பார்த்ததில்லை.

இரண்டாவது சம்பவம் 2022 ஜூன். இந்தத் தடவை அந்த ஆப்பை முன்பே அழித்திருந்தேன், இருந்தும் நடுவில் ஒரு முறை விண்டோஸை ரீசெட் செய்தபோது அது திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை ஒன்பதிலிருந்து. எட்டே முக்காலுக்கு அவசரமாக ரீஸ்டார்ட் கொடுத்தேன், திரை கறுத்து, ஒரு பட்டை ஊர ஆரம்பித்தது. அணைக்காதே, சார்ஜரைப் பிடுங்காதே என்று எச்சரிக்கை வேறு. பேட்டரி 80 சதவீதம் காட்டினாலும் மூன்று வருஷப் பேட்டரி, பதினைந்து நிமிடம் தாங்கினால் பெரிய விஷயம். அப்டேட் சதவீதத்தைத்தான் பார்க்கும், பேட்டரிக்கு வயசானது அதற்குத் தெரியாது. பட்டை முடிந்ததும் திரை முழுக்க இருட்டு, ஃபேன் மட்டும் முழு வேகத்தில் ஊளையிட்டது, செத்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். எட்டு ஐம்பத்தாறுக்கு லோகோ வந்தது, ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. அந்தப் பத்து நிமிடத்தில் என் மனைவி கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டி அப்படியே இருந்தது.

மூன்றாவது என்னுடையது இல்லை, கும்பகோணத்தில் டீச்சராக இருக்கும் அக்காவுடையது. புது லேப்டாப், வாங்கி நாலு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. "தம்பி, நீலக் கலர்ல வந்து ஏதோ நம்பர் கேக்குதுடா, வினாத்தாள் எல்லாம் இதுலதான் இருக்கு." டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் கேட்கும் ரெகவரி கீ, அதாவது சாவி, 48 இலக்கம். இப்போதெல்லாம் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புது லேப்டாப்பைத் தொடங்கினாலே டிஸ்க் பெரும்பாலும் தானாகப் பூட்டிக்கொள்ளும், சாவி அந்தக் கணக்கில் இருக்கும். ஃபர்ம்வேர் மாறினால் உள்ளே இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்புக்கு "இது நான் பார்த்த பழைய மெஷின் இல்லையே" என்று சந்தேகம் வரலாம். ஒழுங்கான அப்டேட் என்றால் அந்தப் பூட்டை முதலில் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிட்டுத்தான் பயாஸில் கைவைக்கும், அக்காவுக்கு வந்தது அப்படி வைக்கவில்லை. அக்காவுக்குத் தனக்கு ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு இருப்பதே தெரியாது, கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்தது. நல்ல வேளை, அக்கா போன் நம்பரைத்தான் போட்டிருந்தான். ஓடிபி வாங்கி உள்ளே நுழைந்து, ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதியை நான் போனில் சொல்லச் சொல்ல அக்கா தட்டினாள். ஐந்தாவது தொகுதியில் ஒரு ஏழு ஒன்றாகிவிட்டது, மறுபடி முதலிலிருந்து. அந்தச் சாவி எங்கேயும் சேமிக்கப்படாமல் இருந்திருந்தால் வினாத்தாளும் போச்சு, பேரன் போட்டோவும் போச்சு, யாராலும் எடுக்க முடியாது.

இவ்வளவு சொன்னதால் ஃபர்ம்வேர் அப்டேட்டே வேண்டாம் என்கிற ஆள் என்று என்னை நினைக்காதீர்கள். 2023 இல் ஒரு டெஸ்க்டாப் போட்டேன், பதின்மூன்றாம் தலைமுறை ஐ7. அடுத்த வருஷமே 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்கித் தங்களையே கெடுத்துக்கொள்வதாக இன்டெல் ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடை (பிராசசருக்குள்ளேயே ஓடும் நிரல், பயாஸோடு சேர்ந்து வரும்) வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. ஏற்கெனவே கெட்டுப்போனதை அது சரிசெய்யாது, இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. என் மெஷினில் ஒரு கோளாறும் தெரியவில்லை, இருந்தும் போர்டு கம்பெனியின் பயாஸ் வந்த அன்றே இறக்கி, பென் டிரைவில் போட்டு, யுபிஎஸ்ஸில் மாட்டி, கையில் வேலை இல்லாத ஒரு புதன்கிழமை மத்தியானம் நானே ஏற்றினேன். ஏழு நிமிடம், ஒரு பதற்றமும் இல்லை. லேப்டாப்பில் நடந்ததும் இதே வேலைதான், ஆனால் அங்கே நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பழைய கம்ப்யூட்டர் டப்பா ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் ஓடுகிறது. அதில் எஃப்டபிள்யூஅப்டி என்ற நிரல், புது ஃபர்ம்வேர் இருக்கிறது, குறிப்பு இது, போடவா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. இப்படிக் கேட்பது அப்படி ஒன்றும் கஷ்டமான காரியம் இல்லை என்பதற்குத்தான் சொல்கிறேன்.

லேப்டாப்பில் இப்போது என்ன செய்து வைத்திருக்கிறேன் என்றால், ஆப்பை அழித்தது போக, பயாஸுக்குள் போய் கேப்சூல் அப்டேட்டை அணைத்தேன். இது ஆளுக்கொரு பெயரில் இருக்கும்: டெல் மெஷின்களில் யூஈஎஃப்ஐ கேப்சூல் ஃபர்ம்வேர் அப்டேட்ஸ் என்றும், திங்க்பேடில் விண்டோஸ் யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் அப்டேட் என்றும் பார்த்திருக்கிறேன். என் மாடலில் இதை அணைத்தாலும் பென் டிரைவ் வழியாக நானே ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்கள் குரூப் பாலிசியில் அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்காதே என்றும் சொல்லலாம், ஆனால் மற்ற டிரைவர்களும் சேர்ந்து நின்றுவிடும், எனக்கு அது ஒத்துவரவில்லை. பிட்லாக்கர் சாவியை ஒரு தாளில் எழுதி பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன், அக்காவையும் அப்படியே வைக்கச் சொன்னேன்.

மொத்தமாகக் கதவைச் சாத்திவிடவும் முடியாது. செக்யூர் பூட் (மெஷின் எழும்போது நம்பகமான நிரலை மட்டும் ஓட விடும் காவல்) என்பதற்கான 2011ஆம் வருஷத்துச் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன, புதியது ஏற சில மெஷின்களுக்கு ஃபர்ம்வேர் அப்டேட்டும் தேவைப்படும். அதனால் போன மாதம் கம்பெனி கடைசியாக விட்ட பயாஸை, குறிப்பை முழுக்கப் படித்துவிட்டு நானே ஏற்றினேன். நன்றாகத்தான் ஏறியது. எதற்கும் பார்ப்போம் என்று அமைப்புகளுக்குள் போனால், அப்டேட் எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோயிருந்தது, கேப்சூல் அப்டேட் மறுபடி "ஆன்" என்று நின்றது. அணைத்துவிட்டு, லேப்டாப் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பதிப்பு எண்ணையும் தேதியையும் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.