4–16×50 துப்பாக்கி ஸ்கோப்: சுடுதளத்தில் எது தேறுகிறது, எது தேறுவதில்லை

நடுத்தர விலையில் கிடைக்கும் 4–16×50 ஸ்கோப்புகளின் (4 முதல் 16 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முன் லென்ஸ் கொண்ட துப்பாக்கித் தொலைநோக்கிகள்) பெட்டிகளை வரிசையாக வைத்துப் படித்தால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான். 30 மி.மீ. குழாய், கால் எம்.ஓ.ஏ. கிளிக் (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு), இடப்பக்கம் பேரலாக்ஸ் குமிழ், இரண்டாவது குவியத் தளத்தில் ரெட்டிக்கிள் (குறிபார்க்கும் கோடுகள்), நைட்ரஜன் நிரப்பியது, தண்ணீர் புகாதது. தீர்ப்பை முன்பே சொல்லிவிடலாம். 4 முதல் 12 மடங்கு வரை இந்த வகை கொடுத்த காசுக்கு நன்றாகவே உழைக்கும். 12-ஐத் தாண்டினால் கண்ணாடியின் தரம் பல்லைக் காட்டும். டரட் (கிளிக் கிளிக்காகத் திருப்பிக் குறியை நகர்த்தும் குமிழ்) விஷயத்தில் மட்டும் மாடலை நம்ப முடியாது, கையில் வந்த அந்த ஒரு ஸ்கோப்பைத்தான் சோதிக்க வேண்டும். ஒரே மாடலில் ஒன்று சரியாக நகரும், அடுத்தது நகராது.

சோதனை என்றதும் பலர் செய்வது சதுரச் சோதனை. ஒரே குறியில் சில குண்டுகள், அதாவது ஒரு குரூப் சுட்டு, 20 எம்.ஓ.ஏ. மேலே, வலது, கீழே, இடது என்று திருகி, மூலைக்கு மூலை சுட்டு, கடைசியில் முதல் குரூப்பின் மேலேயே விழுகிறதா என்று பார்ப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது அளப்பது துப்பாக்கியையும் தோட்டாவையும் சுடுபவரின் தோளையும்தான். டரட்டில் 2 சதவீதப் பிழை இருந்தால் 20 எம்.ஓ.ஏ. நகர்த்தலில் வித்தியாசம் வெறும் 0.4 எம்.ஓ.ஏ. துப்பாக்கி 1.5 எம்.ஓ.ஏ. குரூப் போடுகிறது என்றால் அந்தப் பிழை குரூப்புக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆகவே சுடாமல் பார்க்க முடிந்ததை எல்லாம் சுடாமலே பார்த்துவிட வேண்டும். தோட்டா செலவழிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், அது பின்னால் வரும்.

மாட்டுவதில் செய்யும் தவறுகள் ஸ்கோப்பின் தலையில்தான் விழுகின்றன. துப்பாக்கியின் மேல் பொருத்தும் அடித்தகடுதான் பேஸ், அதன் மேல் குழாயைப் பிடிப்பவை ரிங்குகள். பேஸ் திருகுகளின் எண்ணெயைத் துடைத்து, நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு போதும். ரிங் திருகுகளுக்குப் பசை வேண்டாம். ஈரமான பசை வழுக்கிக் கொடுப்பதால் டார்க் ரெஞ்சு காட்டும் அளவைவிட உண்மையான இறுக்கம் கூடிவிடும். ரிங் மூடிகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி மூலைவிட்டமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். குழாய் நசுங்கினால் உள்ளே நகர வேண்டிய சிறு குழாய் உரசும். பேரலாக்ஸ் குமிழ் கடினமாகத் திரும்பினால் உடனே ஸ்கோப்பைக் குறை சொல்லாமல் முன் ரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே விட வேண்டிய தூரம் இந்த வகையில் சுமார் 90 மி.மீ. அதை 16 மடங்கில் வைத்துத்தான் அமைக்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் கண்ணுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. படுத்துச் சுடும்போது தலை முன்னால் போகும். மேசையில் உட்கார்ந்து அமைத்த தூரம் படுத்தால் போதாது, புருவத்தில் வெட்டு விழும்.

அடுத்தது கண்பக்க வளையம். இதையும் பேரலாக்ஸ் குமிழையும் குழப்பிக்கொள்வது சர்வ சாதாரணம். கண்பக்க வளையம் ரெட்டிக்கிளைக் கூர்மையாக்குவதற்கு, குமிழ் இலக்கின் பிம்பத்தை ரெட்டிக்கிள் இருக்கும் தளத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பதற்கு. வெற்றுச் சுவரையோ சூரியன் இல்லாத பக்கத்து வானத்தையோ பார்த்து, ஓரிரு நொடிக்கு மேல் உற்றுப் பார்க்காமல், கண்ணை எடுத்து எடுத்துத் திருப்ப வேண்டும். நீண்ட நேரம் பார்த்தால் கண்ணே தன்னைச் சரிசெய்துகொண்டு ஏமாற்றிவிடும். இது முடிந்த பிறகுதான் பேரலாக்ஸ். துப்பாக்கியை அசையாமல் வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் லேசாக நகர்த்துங்கள். ரெட்டிக்கிள் இலக்கின் மேல் நீந்தக் கூடாது. குமிழில் அச்சிட்ட மீட்டர் எண்களை நம்ப வேண்டாம். குமிழின் பல்லில் சிறு தளர்வு இருப்பதால் எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்துவது நல்லது. இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும்? 50 மி.மீ. லென்ஸில் பேரலாக்ஸ் 100 மீட்டருக்கு அமைந்திருக்க, 200 மீட்டரில் சுட்டால், கண் ஓரத்துக்குப் போகும் மோசமான நிலையில் சுமார் 25 மி.மீ. பிழை. 50 மீட்டரில் சுட்டால் சுமார் 12 மி.மீ. வேட்டைக்காரருக்கு இது ஒன்றுமில்லை, .22 எல்.ஆர். என்ற சிறு தோட்டாவில் போட்டி சுடுபவருக்கு இலக்கின் புள்ளி வளையமே தவறிவிடும்.

இனி டரட். துப்பாக்கியின் போல்டை (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் பகுதி) கழற்றி, அறை காலி என்று கண்ணால் பார்த்து, கனமான வைஸில் பிடியுங்கள். முன்னால் பலகை நட ஆள் போகும்போது போல்ட் மேசையில்தான் இருக்க வேண்டும். பலகை தூக்குக்குண்டு நூலுக்கு நேராக நிற்க, அதில் 1.2 மீட்டர் உயரத்துக்கு மி.மீ. கோடு போட்ட பட்டை ஒட்டுங்கள். தூரம் ஸ்கோப்பிலிருந்து சரியாக 100 மீட்டர், அளவு நாடாவில் அளந்து. லேசர் கருவி ஒரு மீட்டர் முன்னே பின்னே காட்டினாலே 1 சதவீதப் பிழை உள்ளே வந்துவிடும், நாம் தேடுவதோ 1, 2 சதவீதம்.

100 மீட்டரில் 1 எம்.ஓ.ஏ. என்பது 29.1 மி.மீ. ஒரு கிளிக் 7.3 மி.மீ. குழாயின் மொத்த நகர்வு பெரும்பாலும் 60 எம்.ஓ.ஏ.வுக்கு மேல் இருக்கும். இரு முனைகளையும் விட்டுவிட்டு நடுவில் 40 எம்.ஓ.ஏ. எடுத்துக்கொண்டால் போதும். ரெட்டிக்கிளின் மையத்தைப் பட்டையின் மேல் குறியில் வைத்து, உயர டரட்டை மேல்திசையில் 160 கிளிக் திருப்புங்கள். ரெட்டிக்கிள் பட்டையில் கீழே இறங்கும், 1164 மி.மீ. வந்து நிற்க வேண்டும். 1111 மி.மீ. அருகில் நின்றுவிட்டால் அந்த டரட் எம்.ஓ.ஏ. அல்ல. 100 கஜத்துக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் செய்து எம்.ஓ.ஏ. என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். 100 மீட்டரில் மட்டும் சுடுபவருக்கு இது தெரியவே தெரியாது. 500 மீட்டருக்கு 12 எம்.ஓ.ஏ. திருப்பும்போது 8 செ.மீ. கீழே விழும்.

இறங்கும்போது மையம் நூலை விட்டு விலகுகிறதா என்பதையும் அதே நேரத்தில் பாருங்கள். 1164 மி.மீ. இறக்கத்தில் 20 மி.மீ. விலகினால் சாய்வு ஏறக்குறைய 1 பாகை. செங்குத்துக் கோடு நூலுக்கு இணையாகவே இருக்க, மையம் மட்டும் ஓரமாகப் போகிறது என்றால் மாட்டியதில் குறை இல்லை, ரெட்டிக்கிளும் டரட்டும் உள்ளேயே ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கின்றன. அதைத் திருகிச் சரிசெய்ய வழி கிடையாது, திருப்பிக் கொடுப்பதுதான். பிறகு 160 கிளிக் திரும்பி வாருங்கள், பழைய குறியில் நிற்க வேண்டும். குறியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தும் பாருங்கள். வரும் திசையைப் பொறுத்து நிற்கும் இடம் மாறினால் உள் ஸ்பிரிங் பலவீனம். டரட்டைத் தட்டிவிட்டால் சரியாகும் என்பது பழைய வைத்தியம். அது தேவைப்படும் ஸ்கோப்பை வாங்காமல் இருப்பதே மேல்.

இதே நிலையில் மடங்கு வளையத்தை 4-லிருந்து 16 வரை மெல்லச் சுழற்றுங்கள். இரண்டாவது குவியத் தள ஸ்கோப்பில் ரெட்டிக்கிள் மடங்கு லென்ஸ்களுக்குப் பின்னால் இருப்பதால், அவற்றின் அச்சு சற்றுத் தவறினாலும் மையம் பலகையில் ஊர்வது தெரியும். 7 மி.மீ.க்குள் என்றால் மகிழ்ச்சி, 15 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கூடாது. வளையத்தைத் திருப்பி வந்ததும் மையம் பழைய இடத்துக்கே வர வேண்டும். வராவிட்டால் வைஸ் அசைந்திருக்கிறது, மறுபடி செய்யுங்கள்.

பட்டையை அவிழ்ப்பதற்கு முன் ரெட்டிக்கிளின் கோடுகளையும் ஒப்பிட்டுவிடலாம். இவ்வகையில் அந்தக் கோடுகளின் அளவு பெரும்பாலும் 16 மடங்கில் மட்டுமே உண்மை. 8-இல் ஒவ்வொரு கோடும் இரட்டிப்பு அளவைக் காட்டும். வளையத்தில் 16 என்று எழுதிய இடம்கூடச் சில சமயம் சரியாக 16 அல்ல. 10 எம்.ஓ.ஏ. கோடு பலகையில் 291 மி.மீ.யை மூடும் இடத்தைக் கண்டுபிடித்து வளையத்தில் வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட எண்ணைவிட அந்தப் புள்ளிதான் உதவும்.

கண்ணாடியைப் பொறுத்தவரை, வெள்ளைத் தாளில் கறுப்பு வட்டம் இருந்தால் போதும். 16 மடங்கில் வட்டத்தின் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ சரிகை போலத் தெரியும். இந்த விலையில் அது இல்லாத ஸ்கோப் அரிது. 100 மீட்டரில் .22 துளை வெள்ளைப் பகுதியில் தெரியும், கறுப்பில் தேட வேண்டும். வெயில் ஏறிய பிறகு கானல் அலை எழுந்தால் 16 மடங்கு அலையைத்தான் பெரிதாக்கும். அப்போது 10-க்கு இறங்கினால் படம் நிற்கும், அது ஸ்கோப்பின் குறை அல்ல. அந்தியில் கணக்கு வேறு. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் லென்ஸ் அளவை மடங்கால் வகுத்தது: 16-இல் 3.1 மி.மீ., 8-இல் 6.25 மி.மீ. இருட்டில் கண்மணி அகலமாக விரிவதால் 16-இல் படம் மங்கும், 8-இல் மறுபடி உயிர் வரும். 50 மி.மீ. லென்ஸ் வாங்கியதன் பலன் அங்கேதான்.

தோட்டா தேவைப்படுவது சுடும் அதிர்வை ஸ்கோப் தாங்குகிறதா என்று பார்க்க மட்டும்தான். போல்டைக் கழற்றி, துப்பாக்கிக் குழல் வழியாகவும் ஸ்கோப் வழியாகவும் பார்த்து இரண்டையும் ஒரே இடத்துக்கு ஒத்துக்கொண்டு, 25 மீட்டரில் ஒரு குண்டு, பிறகு 100. 25 மீட்டரில் ஒரு கிளிக் 1.8 மி.மீ. மட்டுமே என்பதை மறந்தால் திருத்தம் நான்கில் ஒரு பங்காகப் போகும். 100-இல் 10 குண்டு சுட்டு நடுப்புள்ளியைக் குறியுங்கள். டரட்டை இரு திசையிலும் சில முறை முழுதாகச் சுழற்றி, மடங்கையும் மாற்றித் திரும்பி வந்து, மீண்டும் 10. ஒப்பிட வேண்டியது இரண்டு நடுப்புள்ளிகளை, குரூப்பின் அளவை அல்ல. 1.5 எம்.ஓ.ஏ. துப்பாக்கியில் 5 குண்டின் நடுப்புள்ளியே கால் எம்.ஓ.ஏ. தானாக நகரும். அதைத் துரத்தி ஒரு கிளிக், இரண்டு கிளிக் என்று திருகுவது வீண். அரை எம்.ஓ.ஏ.வுக்கு மேல் இடம் பெயர்ந்தால் முதலில் பேஸ் திருகு, அடுத்து ரிங், கடைசியில்தான் ஸ்கோப். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் மாட்டுவதாக இருந்தால், அதற்கென்றே செய்தது என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் துப்பாக்கி முன்னும் பின்னும் இரு திசையில் உதைக்கும், பின்னுதைக்கு மட்டும் கட்டிய ஸ்கோப் அதில் உடையும்.

கடைசியாக, வாங்கியதும் ரிங்கில் மாட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கண்பக்க வளையம், பேரலாக்ஸ், மடங்கு, டரட் எல்லாவற்றையும் ரிங் போடாமலே, வி வடிவக் கட்டையில் துணி விரித்து வைத்து, கனமான தாங்கியில் ரப்பர் பட்டையால் கட்டி ஒருமுறை பார்த்துவிடலாம். குழாயில் ரிங் தழும்பு விழுந்த பிறகு கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயங்குவார்.