செலவைக் கழிப்பதா, 44ஏடியா? என் கடைக் கணக்கிலிருந்து ஓர் ஒப்பீடு

எட்டு வருடமாக ஹார்டுவேர் கடை நடத்துகிறேன். முதல் ஐந்து வருடம் ஒவ்வொரு செலவையும் எழுதிக் கழித்து, மிச்ச லாபத்துக்கு வரி கட்டினேன். கடந்த மூன்று வருடமாக 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு, அதாவது செலவைப் பார்க்காமல் விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று வைத்துக்கொள்ளும் உத்தேச வருமான முறை. என் மாதிரிக் கடைக்கு இதுதான் சரி என்பது என் கருத்து.

கணக்கு எளிது. வங்கி, யுபிஐ வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபம் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. 80 லட்சம் விற்பனையில் 70 லட்சம் வங்கி வழி, 10 லட்சம் ரொக்கம் என்றால், 4.20 லட்சமும் 80 ஆயிரமும் சேர்ந்து 5 லட்சம். வாடகை, சம்பளம், தேய்மானம் (சாமான் பழசாகிக் குறையும் மதிப்பு) எல்லாம் ஏற்கெனவே கழிந்ததாகக் கணக்கு. தனியாகக் கழிக்க முடியாது. நிஜ லாபம் அதைவிட அதிகமென்றால் அதிகத்தைத்தான் காட்ட வேண்டும். வருட விற்பனைக்கு வரம்பு 2 கோடி. ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி. கமிஷன், ஏஜென்சி தொழிலுக்கு இது கிடையாது. முன்கூட்டிய வரியையும் நான்கு தவணைக்குப் பதில் மார்ச் 15-க்குள் ஒரே தடவையாகக் கட்டலாம்.

என்னை மாற வைத்தது பில்தான். செலவு செய்தால் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். சிமெண்ட் இறக்கிய லோடுமேன் கூலிக்கு யார் ரசீது தருவார்? குட்டியானை வாடகைக்கு டிரைவர் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார், அவ்வளவுதான். ஒரு ஜூலை மாதம் கல்லாவுக்குப் பின்னால் கம்பியில் குத்தி வைத்திருந்த கட்டை ஆடிட்டரிடம் கொண்டுபோனேன். டீசல் பில்களில் பாதி வெள்ளைத்தாளாகி இருந்தன. எழுத்தே மங்கிப் போயிருந்தது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகைகளையும் கழிக்க முடியாது என்று அடித்துவிட்டார். நான் உண்மையாகவே செலவழித்த பணம் அது. அந்த வருடம் கையில் நின்ற லாபத்தைவிடக் காகித லாபம் பெரிதாக இருந்தது, அதற்கு வரியும் கட்டினேன். 44ஏடியில் அந்தக் கூலியும் வாடகையும் பில் இல்லாமலேயே கணக்கில் வந்துவிடுகின்றன. ஜிஎஸ்டிக்காக விற்பனை, கொள்முதல் பில்களை மட்டும் இப்போதும் ஒழுங்காக வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி, வருமான வரி இரண்டு ரிட்டர்னிலும் விற்பனைத் தொகை ஒத்துப்போக வேண்டுமே.

ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே வந்தபின் அடுத்த ஐந்து வருடத்துக்குள் வெளியேறினால், அதன்பின் ஐந்து வருடம் திரும்ப வர முடியாது. வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் அந்த வருடங்களில் தணிக்கையும் கட்டாயம். நான் மூன்றாம் வருடத்தில்தான் இருக்கிறேன், வெளியேறிப் பார்த்த அனுபவம் இல்லை. பெரிய மெஷின் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் இன்னொன்றையும் முதலில் யோசிக்க வேண்டும். 44ஏடி வருடங்களிலும் தேய்மானம் கழித்ததாகவே கொண்டு மெஷினின் மதிப்பைக் குறைத்துவிடுவார்கள். நஷ்டம் வந்த வருடத்தில் அதை அடுத்த 8 வருடத்துக்குக் கொண்டுபோகும் வசதியும் கணக்கு வைத்தவர்களுக்குத்தான்.

அப்புறம், லாப விகிதம் மிகக் குறைந்த தொழிலுக்கும் 44ஏடி ஒத்துவராது. என் மச்சான் அரிசி மொத்த வியாபாரம் செய்கிறார், மூட்டைக்கு நிற்பது 2, 3 சதவீதம். அவர் 6 சதவீதம் காட்டினால் சம்பாதிக்காத பணத்துக்கு வரி கட்டுவார். அவரிடம் பில் புத்தகத்தை விடாதீர்கள் என்றுதான் சொன்னேன்.