கருப்புத் துணியில் கிராஸ் ஸ்டிட்ச்: எந்தத் துணி, எத்தனை இழை, எங்கிருந்து வெளிச்சம்?

கிராஸ் ஸ்டிட்ச் என்பது துணியின் துளைகளை எண்ணி X வடிவில் போடும் தையல். வெள்ளைத் துணியில் துளை ஒரு சின்ன நிழலாகக் கண்ணில் படும். ஊசி தானாகவே அங்கே போய்விடும். கருப்பில் துணியும் கருப்பு, துளையும் கருப்பு. கருப்புத் துணி கடினம் என்று பலர் கைவிடுவது தையலால் அல்ல, துளை தெரியாததால்தான். அதனால் இங்கே எதை எதோடு ஒப்பிட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது, துளை தெரிய அது உதவுகிறதா என்பதைத்தான்.

வெளிச்சத்திலிருந்து தொடங்குவோம். பெரும்பாலானவர்கள் மேலே இன்னும் பிரகாசமான விளக்கை வைத்துப் பார்க்கிறார்கள். அந்த ஒளி துணியின் மேல் பரப்பில் உள்ள மெல்லிய பஞ்சு இழைகளில் பட்டுத் திரும்புகிறது, துளை இருட்டாகவே இருக்கிறது. கீழிருந்து வெளிச்சம் வந்தால்தான் துளைகள் புள்ளி புள்ளியாக ஒளிரும். இதற்கு இரண்டு வழிகள். மடியில் வெள்ளைத் துணியை விரித்துக்கொள்வது செலவில்லாதது. துணியை இழுத்துப் பிடிக்கும் தையல் வளையம் மடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வளையத்தை ஸ்டாண்டில் மாட்டித் தைப்பவர்களுக்கு இது பயன்படாது, இடைவெளி அதிகம். அவர்களுக்கு எல்இடி லைட் பேட், அதாவது தட்டையான விளக்குப் பலகை, நல்லது. வெளிச்சத்தைக் குறைந்த அளவிலேயே வையுங்கள். முழுதாக வைத்தால் அரை மணியில் கண் சோர்ந்துவிடும். கீழிருந்து வரும் ஒளியில் கிரீமும் வெளிர் மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் நூல்களைப் பகல் வெளிச்சத்திலேயே பிரித்து எண் எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

ஐடாவா, ஈவன்வீவா?

ஐடா கட்டம் கட்டமாக நெய்த துணி, ஈவன்வீவ் இழை இழையாகச் சீராக நெய்த துணி. கவுண்ட் என்பது ஓர் அங்குலத்தில் உள்ள கட்டங்கள் அல்லது இழைகளின் எண்ணிக்கை. 28 கவுண்ட் ஈவன்வீவில் துணியின் இரண்டு இழைக்கு ஒரு தையல் போட்டால், 14 கவுண்ட் ஐடாவில் வரும் அதே அளவுதான் கிடைக்கும். முடிந்த பிறகு ஈவன்வீவ் அழகாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் ஒவ்வொரு இழைக்கும் இடையில் துளை. கீழே விளக்கு வைத்தால் துணி முழுக்கச் சல்லடைபோல ஒளிரும். எது உங்கள் துளை என்பது அப்போதும் தெரியாது. ஒரு இழை தள்ளிப் போன தவறு பத்து வரிசை கழித்துத்தான் பிடிபடும். ஐடாவில் கட்டத்தின் மூலையில் மட்டும் துளை என்பதால் ஒளிரும் புள்ளி ஒவ்வொன்றும் ஊசி இறங்க வேண்டிய இடம். கருப்பில் முதல் வேலை என்றால் 14 கவுண்ட் ஐடா, சந்தேகமே வேண்டாம். 18 கவுண்ட் கருப்பு ஐடாவை அனுபவசாலிகளும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். வடிவம் அனுமதித்தால் கரிச்சாம்பல் அல்லது கருநீலம் எடுங்கள். துளை அதில் சற்றுத் தெளிவாகத் தெரியும்.

இரண்டு இழையா, மூன்றா?

இது தையல் நூலின் இழைக் கணக்கு. வெள்ளை ஐடாவில் 14 கவுண்ட்டுக்கு நூலின் ஆறு இழைகளில் இரண்டு இழை போதும். கருப்பில் அதே இரண்டு இழை போட்டால் தையல்களுக்கு நடுவே கருப்பு எட்டிப் பார்க்கும். வெள்ளை நிறம் அழுக்குச் சாம்பலாகத் தோன்றும். வெள்ளை, கிரீம், வெளிர் மஞ்சள், இளஞ்சிவப்பு போன்றவற்றுக்கு மூன்று இழை வேண்டும். அடர் நிறங்களுக்கு இரண்டே போதும் என்றாலும், ஒரே பூவில் இரண்டையும் மூன்றையும் கலந்தால் மேடு பள்ளம் தெரியும். ஒரு உருவத்துக்கு ஒரே எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வதே மேல். தொடங்கும் முன் துணியின் ஓரத்தில் 10×10 கட்டம் தைத்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்று இழையில் சில சிரமங்களும் உண்டு. நூலை மடித்து வளையம் போட்டுத் தொடங்கும் முறை இரட்டைப்படை இழைகளுக்குத்தான் சரிவரும். இங்கே 3 செ.மீ. வாலைப் பின்னால் பிடித்து, அடுத்த ஐந்தாறு தையலுக்கு அடியில் சிக்க வைக்க வேண்டும். கால் தையல்கள் (X-இல் கால் பங்கு மட்டும் போடுபவை) தடித்துப் போகும். ஊசி 24ஆம் எண் எடுங்கள். 26இல் துளை போதுமான அளவு விரியாமல் நூல் உரசும். வெள்ளை நூல் கருப்புத் துணியில் உரசினால் கருந்தூசியைச் சேர்த்துக்கொள்ளும், அதனால் நீளம் 40 செ.மீ.க்கு மேல் வேண்டாம். இழைகளை ஒவ்வொன்றாக உருவிப் பிரித்து மறுபடி சேர்த்தால் தையல் அகன்று படிந்து துணியை நன்றாக மூடும்.

இன்னொன்று: வெளிர் நூலைப் பின்புறமாக வெறுந்துணியின் குறுக்கே இழுத்துப் போகாதீர்கள். முன்பக்கத் துளையில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். இரண்டு மூன்று கட்டத்துக்கு மேல் என்றால் வெட்டி மறுபடி தொடங்குங்கள்.

எண்ணிக்கை தவறாமலிருக்கத் துணியில் போடும் கட்டக் கோடுகளுக்கு, நீரில் கரையும் நீலப் பேனா கருப்பில் தெரியவே தெரியாது. வெள்ளைச் சுண்ணப் பென்சில் கை பட்டு நாலு நாளில் மறைந்துவிடும். சாதாரண நூலால் கோடு போட்டால் ஊசி அதைக் குத்திவிடும், உருவும்போது பிசிறு தங்கும். மிச்சமிருப்பது மெல்லிய நைலான் தூண்டில் நரம்பு. நிறமற்றது வேண்டாம், சிவப்போ மஞ்சளோ வாங்கி 10 கட்டத்துக்கு ஒன்றாகக் கோர்த்துவிடுங்கள்.

வெள்ளைத் துணியில் பின்னணியைக் கருப்பு நூலால் நிரப்பிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 14 கவுண்ட்டில் 100×100 கட்ட வடிவம் சுமார் 18 செ.மீ. சதுரம். அதில் 6,000 கட்டம் பின்னணி என்று வைப்போம். ஒரு தையலுக்கு ஏறக்குறைய 9 மி.மீ. நூல் போகும். 8 மீட்டர் கண்டில் ஆறு இழை. இரண்டிரண்டாக எடுத்தால் 24 மீட்டர். வீணாவது போக ஒரு கண்டுக்கு 2,000 தையல் வந்தாலே நல்லது. டிஎம்சி நிறுவனத்தின் 310ஆம் எண் கருப்பு நூல் மூன்று நான்கு கண்டு செலவாகும், மணிக்கணக்கான உழைப்பும் சேர்ந்து. அதற்குப் பிறகும் கருப்புத் தையல்களுக்கு நடுவே வெள்ளைத் துணி மினுக்கும். பின்னணி மொத்தத்தில் கால் பங்குக்குக் குறைவாக இருந்தால் மட்டும் இந்த வழி சரி.

தைக்கும் முன் ஈரமான வெள்ளைப் பஞ்சால் துணியின் மூலையை அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால், பஞ்சில் ஒட்டுவது நிற்கும் வரை துணியைக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வேலை முடிந்து பிரேம் போடும்போது வெள்ளை அட்டை நேராகத் துணிக்குப் பின்னால் வரக்கூடாது; தைக்காத துளைகள் வழியே வெள்ளை தெரிந்து கருப்பு முழுக்கச் சாம்பலாகிவிடும். கருப்பு அட்டை வையுங்கள், அல்லது நடுவில் ஒரு கருப்புப் பருத்தித் துணி.