அம்மான்ட கூறைச் சாறிப் படம், உவர்மலையில கீறுவிச்சது

அம்மான்ட கல்யாணப் படம் எண்டு எங்களிட்ட மிச்சம் இருக்கிறது ஒரேயொரு ப்ளாக் அண்ட் வைட் போட்டோதான், அதுவும் மூலையெல்லாம் பூஞ்சணம். அதைப் பாத்து வாட்டர்கலர்ல கீறித் தர ஏலுமோ எண்டு திருகோணமலை உவர்மலையில வீட்டிலயே படம் கீறுற ஒரு அண்ணனிட்ட கேட்டன், அவர் முதல் கேட்டதே "அந்தச் சாறி இப்பவும் இருக்கோ, இருந்தா கொண்டு வாங்கோ" எண்டுதான். பெட்டிக்குள்ள இருந்த கூறையைக் கொண்டுபோய்க் குடுத்தா, யன்னலடியில விரிச்சு வச்சு அரக்குச் சிவப்பு வெளிச்சத்தில எப்பிடி மாறுதெண்டு கன நேரம் பாத்துப்போட்டுத்தான் பென்சிலையே எடுத்தவர்.

படம் A3 சைஸ், 300 ஜிஎஸ்எம் எண்ட தடிச்ச கொட்டன் பேப்பர். சரிகையைப் பாத்து நான் அப்பிடியே நிண்டிட்டன், ஏனெண்டா அதில கோல்ட் பெயிண்டே இல்லை, மஞ்சளும் மண்ணிறமும் மெல்லிசா விட்டு மினுங்கிற இடத்தில பேப்பரைச் சும்மா வெறுமையா விட்டிருக்கிறார், அந்த வெறும் பேப்பர்தான் பட்டு மாதிரி பளபளக்குது. கொண்டையில இருக்கிற மல்லிகையும் அப்பிடித்தான், வெள்ளை பெயிண்ட் ஒரு துளியும் இல்லை, சுத்திவர தலைமயிரைக் கறுப்பாக்கித்தான் பூவை வெளிய கொண்டு வந்திருக்கிறார். இன்னொண்டு, ஸ்டூடியோக்களில குடுத்தா ஆளை வெள்ளையாக்கித்தான் தருவாங்கள், அம்மா நல்ல மாநிறம், இதிலயும் அதே மாநிறம், அதுக்கே அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் காணாது.

வலக்கை விரல் மட்டும் கொஞ்சம் விறைச்ச மாதிரி இருக்கு. வாட்டர்கலர்ல ஒருக்கா பிடிச்ச கலரை முழுசா எடுக்க ஏலாது, அதால திருத்தச் சொல்லிக் கேக்கேல்ல. சொன்ன நாளுக்கு ரெண்டு கிழமை பிந்தித்தான் கிடைச்சது, நான் குடுத்தது மார்கழி மழைக்குள்ள, ஒரு பூச்சு நல்லாக் காயாம அடுத்த பூச்சுப் போட்டா கலர் கலங்கிப்போகும் எண்டு சொன்னவர். அவசரமெண்டா மழைக்கு முதலே குடுங்கோ.

ப்ரேம் போட்டது வேற கடையில. அங்க கண்ணாடியைப் படத்தில முட்ட வச்சுத் தந்திட்டாங்கள், எங்கட கடல் ஈரத்துக்கு அது பேப்பரோட ஒட்டிப் பூஞ்சணம் பிடிக்கும், திருப்பிக் குடுத்து நடுவில இடைவெளி விடுற மவுண்ட் போர்ட் மட்டை வைக்கச் சொன்னன். வெயில் நேர படுற சுவரிலயும் கொழுவாதேங்கோ, சிவப்புகள்தான் கெதியா மங்கிறது.

அம்மா படத்தைக் கண்டவுடன முகத்தைப் பாக்கேல்ல, சாறிக் கொய்யக மடிப்பைத் தொட்டுக் காட்டி "இது பெரியக்கா பிடிச்சு விட்டது" எண்டா. பெரியம்மான்ட படம் ஒண்டு தேடிக்கொண்டிருக்கிறன், கிடைச்சா அதையும் அந்த அண்ணனிட்டத்தான் குடுப்பன்.