பத்திரிகை வடிவமைப்பு விருது: நடுவர் நாற்காலியில் யாரை உட்கார வைப்பது?

பத்திரிகை வடிவமைப்புப் போட்டிக்கு நடுவர் குழு அமைக்க உட்கார்ந்தால் பெரும்பாலும் மூன்று வழிகள்தான் முன்னால் இருக்கும். தினமும் பக்கம் போடுகிறவர்களையே கூப்பிடலாம். எழுத்துரு வரைபவர், புத்தக அட்டை செய்பவர், வடிவமைப்புப் பேராசிரியர் என்று வெளியாட்களைக் கூப்பிடலாம். அல்லது இரண்டையும் கலக்கலாம். கேட்டால் எல்லோரும் மூன்றாவதைத்தான் சொல்வார்கள். எதை வைத்துக் கலப்பது என்பதில்தான் சறுக்கல்.

தொழில்காரர்களின் பெரிய பலம், ஒரு பக்கம் எந்த நெருக்கடியில் பிறந்தது என்று பார்த்ததும் தெரிவது. கீழே பாதிப் பக்கம் விளம்பரம். ராத்திரி பதினொன்றுக்கு மேல் வந்த தேர்தல் முடிவு. கையில் இருக்கிற ஒரே படமும் மங்கல். அந்தப் படத்தைச் சுருக்கி, தலைப்பைப் பெரிதாக்கி, ஒரு சின்ன அட்டவணையால் பக்கத்தைத் தூக்கி நிறுத்தியவரின் சாமர்த்தியம் இன்னொரு பக்கக்காரருக்குத்தான் உறைக்கும். ஆனால் இவர்களுக்கு அந்த வருஷத்து மோஸ்தர்மேல் ஒரு மயக்கமும் உண்டு. தவிர, இது சின்ன உலகம். மாஸ்ட்ஹெட்டை, அதாவது உச்சியில் இருக்கும் பத்திரிகைப் பெயரை, தாள் வைத்து மறைத்தாலும் தலைப்பு எழுத்துருவே ‘இது இன்னாருடைய பக்கம்’ என்று காட்டிக்கொடுத்துவிடும்.

வெளியாட்களுக்கு அந்த நட்பும் பகையும் கிடையாது. சொல் இடைவெளிகள் வரிக்கு வரி சேர்ந்து பத்திக்குள் ஓடும் வெள்ளைக் கோடுகள், தேவையில்லாமல் சேர்ந்துவிட்ட நான்காவது எழுத்துரு, இதெல்லாம் இவர்கள் கண்ணில் உடனே உறுத்தும். சிக்கல் என்னவென்றால், ஒரு வாரம் இழைத்துச் செய்த ஞாயிறு இணைப்பிதழும் நாற்பது நிமிடத்தில் போட்ட முதல் பக்கமும் இவர்களுக்கு ஒன்றுதான். அதனால் இணைப்பிதழ் ஜெயித்துக்கொண்டே இருக்கும். செய்திப் பக்கத்தையும் சிறப்புப் பக்கத்தையும் தனித்தனிப் பிரிவாக்கி, தனித்தனிக் குழுவிடம் கொடுத்தால் இது ஓரளவு சரியாகும்.

அப்புறம் கலவைக் குழு. ஐந்து நாடுகளிலிருந்து ஐந்து பேர், அதில் இரண்டு பெண்கள், ஓர் இளைஞர் என்று பார்த்துப் பார்த்து அமைத்த குழு ஒன்று எனக்குத் தெரியும். ஐவருமே பெரிய நாளிதழ்களின் கலை இயக்குநர்கள்! பாஸ்போர்ட் ஐந்து, பார்வை ஒன்று. நாடும் பாலினமும் வயதும் முக்கியம்தான், விட்டுவிடக் கூடாது. ஆனால் முதலில் வெவ்வேறு வேலை செய்பவர்களுக்கு நாற்காலியைப் பிரித்துவிட்டு, அதற்குள் இவற்றைப் பார்க்க வேண்டும். என் கணக்கில் ஐந்து நாற்காலி இப்படி: பக்க வடிவமைப்பாளர் இருவர் (ஒருவராவது மூன்றே பேர் பக்கம் போடுகிற சின்னப் பத்திரிகையிலிருந்து), ஒரு படப் பிரிவு ஆசிரியர், தகவலை வரைபடமாக்கும் இன்ஃபோகிராஃபிக் ஆள் ஒருவர், தலைப்பு எழுதும் உதவி ஆசிரியர் ஒருவர்.

உதவி ஆசிரியர் எதற்கு என்று கேட்பார்கள். நான் உட்கார்ந்திருந்த ஓர் அமர்வில் ஒரு பக்கத்தின் பெரிய படத்தை எல்லோரும் மெச்சினோம். துணிச்சலான வெட்டு, முகங்கள் இரண்டும் பக்கத்தின் விளிம்பு வரை வந்து நின்றன. அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவர் மட்டும் பேசாமல் குனிந்து படக்குறிப்பைப் பார்த்தார். “இதில் மூன்று பேர் பெயர் இருக்கிறதே,” என்றார். மூன்றாமவரை வெட்டித் தள்ளியிருந்தார்கள். மற்ற நான்கு பேரும் அதுவரை சித்திரம்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், பத்திரிகை படிக்கவில்லை.

மொழி தெரியாத நடுவர் இன்னொரு விதத்திலும் ஏமாறுவார். அரபு நாளிதழை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். ஜப்பானிய நாளிதழில் வரிகள் மேலிருந்து கீழாக ஓடும், முக்கியச் செய்தி வலது மேல் மூலையில் இருக்கும். இடமிருந்து வலமாகவே பழகிய கண்ணுக்கு இந்தப் பக்கங்கள் தடம் மாறியது போலத் தெரியும். மதிப்பெண்ணும் அப்படியே குறையும். எல்லா மொழிக்கும் ஆள் வைக்க முடியாது, சரி. தலைப்பையும் படக்குறிப்பையும் மொழிபெயர்த்து ஒரு துண்டுச் சீட்டில் பக்கத்தோடு கொடுக்கலாமே.

இவ்வளவு பாடுபட்டுக் குழு அமைத்துவிட்டு, பத்துக்கு இத்தனை என்று ஆளுக்கொரு மதிப்பெண் கொடுத்து சராசரி போடச் சொல்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு 10, 9, 4, 4, 3. இன்னொன்றுக்கு ஐவருமே 6. கூட்டினால் இரண்டும் 30. இரண்டு பேரை நாற்காலியிலிருந்து எழ வைத்த பக்கமும் யாரையும் அசைக்காத பக்கமும் சமமாகிவிட்டன. இதற்குப் பேசாமல் ஒரே ஆளை நடுவராகப் போட்டிருக்கலாம்.

மதிப்பெண்ணுக்கு மாற்று, வாக்கு. 1979-ல் அமெரிக்காவில் தொடங்கிய சொசைட்டி ஃபார் நியூஸ் டிசைன் என்ற பத்திரிகை வடிவமைப்பாளர் சங்கம் தன் போட்டியை வாக்கில்தான் நடத்திப் பெயர் வாங்கியது. பல வருஷம் இருந்த முறை இது: ஐந்து நடுவர். மூன்று வாக்கு வந்தால் சிறப்புச் சான்று. அதற்கப்புறம் பதக்கத்துக்கு விவாதம். வெள்ளிக்கு நான்கு வாக்கு, தங்கத்துக்கு ஐந்தும். தன் பத்திரிகையின் பக்கம் வந்தால் அந்த நடுவர் ஒதுங்கிக்கொள்ள, மாற்று நடுவர் ஒருவர் வந்து வாக்களித்தார். இந்த மாற்று நடுவர் ஏற்பாடு இருந்தால் தொழில்காரர்களை அழைக்கப் பயமே வேண்டாம். வாக்கு முறையிலும் ஒரு குறை இருக்கிறது: ஐந்து வாக்கு வேண்டும் என்றால் முரட்டுத்தனமான புதுமை தங்கம் வரை போவது கடினம். ஆனாலும் நடுவில் விவாதம் இருப்பதால், பிடித்தவர் மற்றவர்களிடம் வாதாட ஒரு வாய்ப்பாவது கிடைக்கிறது. சராசரியில் அதற்கு இடமே இல்லை.

ஒரே அறையா, இணையவழியா என்ற கேள்விக்குப் பணம்தான் முக்கால்வாசி பதில். இணையவழியில் விமானச் செலவு இல்லை, சின்னப் பத்திரிகைக்காரரும் லீவு போடாமல் கலந்துகொள்ளலாம். பன்முகத்தன்மைக்கு அதுவே பெரிய உதவி. ஆனால் முழு அளவு நாளிதழ்ப் பக்கத்தை லேப்டாப் திரையில் சுருக்கிப் பார்த்தால் பெரிய படமும் தடித்த தலைப்பும் மட்டும்தான் நிற்கும். எட்டுப் புள்ளி அளவுப் பொடி எழுத்தில் நிதானமாகக் கட்டிய பத்திகள் சாம்பல் நிறக் கட்டமாகிவிடும். நானாக இருந்தால் முதல் கட்டமாகச் சலித்தெடுப்பதைத் திரையில் பத்துப் பதினைந்து பேரிடம் விட்டுவிடுவேன். மிஞ்சும் பக்கங்களின் அச்சுத் தாளை ஐவருக்கும் தபாலில் அனுப்பிவிட்டு, அது கையில் கிடைத்த பிறகுதான் வீடியோவில் விவாதம் வைப்பேன். விமானக் கட்டணத்தோடு பார்த்தால் தபால் செலவு ஒரு பெரிய காசா?